வாஷிங்டன் விட்டுச்சென்ற பெட்டிகள்

தாள்களில் ஒரு தேசம் – அத்தியாயம் 9

சென்ற இதழில் யார்க்டவுன் முற்றுகையோடு நிறுத்தியிருந்தோம். 1781 அக்டோபர் 17 அன்று பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ், பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஊருக்குள்ளிருந்து ஜார்ஜ் வாஷிங்டனுக்கு ஒரு சிறு கடிதம் அனுப்பினார். 24 மணி நேரம் சண்டையை நிறுத்திவைப்போம்; இரு தரப்பிலிருந்தும் இரண்டிரண்டு அதிகாரிகள் மூர் என்பவரின் வீட்டில் சந்தித்துச் சரணடையும் நிபந்தனைகளைப் பேசட்டும் என்பது அதன் சாரம். வாஷிங்டன் அன்றே பதில் எழுதினார். ஒரு நாள் அவகாசமெல்லாம் இல்லை, நிபந்தனைகளை எழுதியனுப்ப 2 மணி நேரம் தருகிறேன் என்றார். அக்டோபர் 19 அன்று பிரிட்டிஷ் படை ஆயுதங்களைக் கீழே வைத்தது.

இதே காரன்வாலிஸ்தான் சில ஆண்டுகளில் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை உடன்படிக்கைக்கு இணங்கவைத்து, திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கம்பெனியின் கைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் தோற்ற கை தமிழ் மண்ணில் வரி வசூலிக்க வந்த கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே நமக்கு வேண்டியது அவர் யார்க்டவுனில் எழுதிய அந்தத் தாள். இன்றும் அது அமெரிக்கத் தலைநகரில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. 240 ஆண்டுகளுக்கு மேல் ஒரு தாள் பிழைத்திருப்பது தானாக நடக்கிற காரியம் அல்ல. வாஷிங்டனின் கடிதங்களைக் காத்தவர்கள், எரித்தவர்கள், வெட்டியவர்கள், விற்றவர்கள், வாங்கியவர்கள் ஆகியோரின் கதைதான் இந்த அத்தியாயம். ஒரு பொது மனிதரின் கடிதம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு ஒரு தேசம் விடை கண்டுபிடிக்க 180 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அதற்குள் இழந்தவை திரும்பவே இல்லை.

ஆணியடித்த பெட்டி

நில அளவையாளராக வாழ்க்கையைத் தொடங்கியவர் வாஷிங்டன். வரவு செலவு, விதைப்பு, அறுவடை, அன்றைய வானிலை என எல்லாவற்றையும் குறித்துவைக்கும் பழக்கம் இளவயதிலிருந்தே அவருக்கு உண்டு. 1775 ஜூனில் புரட்சிப் படையின் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டபோது அந்தப் பழக்கத்தையும் பாசறைக்குக் கொண்டுபோனார்.

அங்கே ஒரு கடிதம் உருவாகும் விதம் இது. தளபதி கருத்தைச் சொல்வார். அலெக்சாண்டர் ஹாமில்டன், டென்ச் டில்மன், ராபர்ட் ஹான்சன் ஹாரிசன் போன்ற உதவி அதிகாரிகளில் ஒருவர் அதை வரைவாக எழுதுவார். தளபதி திருத்துவார். பிறகு நல்ல பிரதி எழுதப்படும். அவர் கையெழுத்திட்டதும் அது குதிரையில் கிளம்பும். வரைவு பாசறையிலேயே தங்கும். யாருக்கு, எந்தத் தேதியில் என்று அதன் பின்பக்கத்தில் குறித்து, மடித்துக் கட்டி வைப்பார்கள். வருகிற கடிதங்களுக்கும் இதே மரியாதைதான்.

1776 மார்ச்சில் தளபதிக்கென்று ஒரு தனிக் காவல் படை அமைக்கப்பட்டது. அவருடைய உயிரைக் காப்பதோடு அவருடைய பணத்தையும் தாள்களையும் காப்பது அதன் கடமை. அந்த ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் கப்பல்கள் நியூயார்க்கைச் சூழ்ந்தபோது, முக்கியமான தாள்களை ஒரு பெரிய பெட்டியில் போட்டு, ஆணியடித்து மூடி, ஃபிலடெல்ஃபியாவில் இருந்த காங்கிரசின் பாதுகாப்புக்கு அனுப்பிவைத்தார் வாஷிங்டன். அந்த மாத இறுதியில் லாங் ஐலண்ட் சண்டையில் அவர் படை தோற்றது. படையே பிழைக்குமா என்று தெரியாத வாரங்களில் அவர் தாள்களைப் பிழைக்கவைக்க வழி பார்த்திருக்கிறார்.

6 ஆண்டுப் போரில் வரைவுகள் மலையாகக் குவிந்தன. எல்லாமே தனித்தனித் தாள்கள். அடித்தல் திருத்தல் நிறைந்தவை. வண்டிகளில் ஏற்றி இறக்கி நைந்தவை. 1781 ஏப்ரலில் வாஷிங்டன் காங்கிரசுக்கு எழுதினார். இவற்றையெல்லாம் ஒழுங்காகப் படியெடுக்க எழுத்தர்களை அமர்த்த அனுமதி வேண்டும் என்றார். காங்கிரஸ் இணங்கியது. அந்தப் பொறுப்புக்கு அவர் தேர்ந்தெடுத்த ஆள்தான் வியப்பானவர்: லெப்டினன்ட் கர்னல் ரிச்சர்ட் வாரிக். முந்தைய செப்டம்பரில் வெஸ்ட் பாயின்ட் கோட்டையைப் பிரிட்டிஷாருக்குக் காட்டிக்கொடுக்க முயன்று தப்பியோடிய பெனடிக்ட் ஆர்னால்டின் உதவி அதிகாரியாக இருந்தவர் அவர். விசாரணை மன்றம் வாரிக்கைக் குற்றமற்றவர் என்று தீர்த்துவிட்டது. ஆனாலும் துரோகியோடு பணியாற்றியவர் என்ற கறை எளிதில் போகக்கூடியதா? அந்த மனிதரிடம் படையின் எல்லா ரகசியங்களையும் ஒப்படைத்தார் வாஷிங்டன். அதைவிடப் பெரிய நற்சான்று வாரிக்குக்குக் கிடைத்திருக்க முடியாது.

ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள பக்கீப்ஸி என்ற ஊரில் வாரிக்கும் அவருடைய எழுத்தர்களும் உட்கார்ந்தார்கள். காங்கிரசுக்கு எழுதியவை, படை அதிகாரிகளுக்கு எழுதியவை, மாநில ஆளுநர்களுக்கு எழுதியவை, வெளிநாட்டாருக்கு எழுதியவை, எதிரித் தரப்புக்கு எழுதியவை, போர் ஆலோசனைக் குறிப்புகள், சொந்தக் கடிதங்கள் என்று வகைப்படுத்தி, இறகுப் பேனாவால் 2 ஆண்டுகளுக்கு மேல் எழுதினார்கள். வேலை முடிந்தபோது 44 பெரிய தொகுதிகள் நின்றன. 1783 நவம்பரில், போர் முடிந்த கையோடு, அவை காவலுடன் வண்டியேறி வாஷிங்டனின் இல்லமான மவுண்ட் வெர்னனுக்குப் புறப்பட்டன. புதிதாகப் பிறந்த நாட்டுக்கு நிலையான தலைநகரம்கூட இல்லாத காலம் அது. ஆவணம் மட்டும் தயாராக இருந்தது.

முடி வேண்டாம் என்ற கடிதம்

இந்தக் கட்டுகளில் ஒரே ஒரு கடிதம் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது. 1782 மே மாதம். சண்டை ஓய்ந்துவிட்டது, ஆனால் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகவில்லை. சம்பளம் கிடைக்காத வீரர்கள் நியூபர்க் பாசறையில் கொதித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கர்னல் லூயிஸ் நிக்கோலா என்ற அதிகாரி வாஷிங்டனுக்கு ஒரு நீண்ட மடல் எழுதினார். குடியரசுகள் பலவீனமானவை என்று வாதிட்டு, வாஷிங்டன் தலைமையில் ஒரு முடியரசு அமையலாம் என்ற யோசனையை முன்வைத்தார்.

மே 22 அன்று வாஷிங்டன் அனுப்பிய பதிலில் நெருப்புப் பறக்கிறது. இந்தப் போர்க்காலம் முழுவதிலும் எந்த நிகழ்ச்சியும் தன்னை இத்தனை வேதனைப்படுத்தியதில்லை, நாட்டின் மீதும் தன் மீதும் மதிப்பு இருந்தால் இந்த எண்ணத்தை மனத்திலிருந்து துரத்திவிட வேண்டும் என்று எழுதினார். பிறகு செய்ததுதான் அவருடைய ஆவண உணர்வுக்குச் சான்று. தன்னிடம் தங்கும் பிரதி, அனுப்பப்பட்ட கடிதத்தின் சரியான நகல்தான் என்று டேவிட் ஹம்ஃப்ரீஸ், ஜோனதன் ட்ரம்புல் என்ற 2 உதவி அதிகாரிகளிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிவைத்தார். நாளை யாராவது இவர் மன்னராக ஆசைப்பட்டார் என்று சொன்னால், தன் சொல் போதாது, தாள் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசி நாளின் கட்டளை

ஆவணத்தின் மீது அக்கறை உள்ளவருக்கு அதைத் திருத்தும் ஆசையும் வரும். 1780-களின் நடுவில் மவுண்ட் வெர்னனில் ஓய்வாக இருந்தபோது, இருபதுகளில் தான் எழுதிய கடிதங்களின் பதிவேட்டை வாஷிங்டன் எடுத்தார். பிரெஞ்சுக்காரர்களோடு எல்லைப் போர் நடந்த காலத்துக் கடிதங்கள் அவை. பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத இளைஞனின் கரடுமுரடான நடையை வரிவரியாகச் செப்பனிட்டு, புதிதாகப் படியெடுக்கச் சொன்னார். ஆகவே அந்தக் காலத்துக் கடிதங்கள் பலவற்றை இன்று வாசிக்கும்போது, 23 வயதுக்காரனின் குரலோடு ஐம்பதைக் கடந்தவரின் குரலும் கலந்தே ஒலிக்கிறது. ஆய்வாளர்கள் இரண்டையும் பிரித்துக்காட்டப் பெரும்பாடு பட்டிருக்கிறார்கள்.

1789 முதல் 1797 வரை குடியரசுத் தலைவராக இருந்துவிட்டு வீடு திரும்பும்போது, தன் பதவிக்காலத்துத் தாள்களைத் தன்னோடு எடுத்துவந்தார். அவை அவருடைய சொத்து என்பதில் அன்று யாருக்கும் ஐயமில்லை. 1797 ஏப்ரலில் போர்த்துறைச் செயலர் ஜேம்ஸ் மெக்ஹென்றிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு விருப்பத்தைச் சொல்கிறார்: தன்னுடைய ராணுவ, அரசு, சொந்தத் தாள்கள் ஏராளமாக இருக்கின்றன, அவை பிறருக்குப் பயன்படக்கூடும், அவற்றைப் பத்திரமாக வைக்க ஒரு கட்டடம் கட்ட வேண்டும். கட்டடம் எழவில்லை. இரண்டரை ஆண்டுகளில் காலம் முடிந்தது.

1799 டிசம்பர் 12 அன்று பனியிலும் மழையிலும் குதிரையில் தோட்டத்தைச் சுற்றிவந்தவருக்கு மறுநாள் தொண்டை கட்டியது. 14-ஆம் தேதி மூச்சுத் திணறியது. அக்கால மருத்துவ வழக்கப்படி திரும்பத் திரும்ப ரத்தத்தை வெளியேற்றினார்கள். மாலையில் மனைவி மார்த்தாவை அழைத்து, மேசையிலிருந்து 2 உயில்களை எடுத்துவரச் சொன்னார். ஒன்று பயனற்றது என்று சொல்லி எரிக்கச் செய்தார். மற்றதைப் பத்திரப்படுத்தச் சொன்னார். பிறகு செயலர் டோபியாஸ் லியரின் பக்கம் திரும்பினார். அண்மைக் காலத்து ராணுவக் கடிதங்களையும் தாள்களையும் ஒழுங்குபடுத்திப் பதிவு செய்யுங்கள், கணக்குகளைச் சரிபாருங்கள், எழுத்தர் ராலின்ஸ் தொடங்கியிருக்கும் மற்றக் கடிதங்களின் பதிவை அவரே முடிக்கட்டும் என்றார். சாகும் தறுவாயில் ஒரு மனிதர் தன் கடிதக் கட்டுகளுக்கு வழிசெய்கிறார். அன்றிரவு 10 மணிக்கு மேல் உயிர் பிரிந்தது. லியர் இதையெல்லாம் அப்போதே எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது.

தீ

முதல் இழப்பு வீட்டுக்குள்ளேயே நடந்தது. 40 ஆண்டு இல்லறத்தில் கணவனும் மனைவியும் எழுதிக்கொண்ட கடிதங்களை மார்த்தா, 1802 மே மாதம் இறப்பதற்கு முன் எரித்துவிட்டார். தப்பியவற்றில் புகழ்பெற்றவை 1775 ஜூனில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வாஷிங்டன் எழுதிய 2 கடிதங்கள். மார்த்தாவின் எழுது மேசை பேத்திக்குப் போனது. அதன் இழுப்பறையில் அவை தங்கிவிட்டன என்று சொல்லப்படுகிறது.

ஜூன் 18 தேதியிட்ட கடிதம் அவற்றில் ஒன்று. தலைமைத் தளபதி பதவியை நான் தேடிப் போகவில்லை, தவிர்க்க முடிந்த மட்டும் தவிர்க்கப் பார்த்தேன், விதி என்னை இதில் நிறுத்தியிருக்கிறது என்று எழுதுகிறார். எனக்கு வரப்போகும் கஷ்டத்தைவிட நீ தனியாக இருந்து படப்போகும் கவலையே என்னை வாட்டுகிறது என்கிறார். போருக்குப் போகிறவர் என்பதால் ஓர் உயிலையும் எழுதச்செய்து உடன் வைக்கிறார். கடிதத்தின் அடியில் ஒரு பின்குறிப்பு: உனக்காக மஸ்லின் துணி வாங்கியிருக்கிறேன், இருப்பதில் அழகானது என்று சொன்னார்கள். ஒரு நாட்டின் விடுதலைப் போரும் ஒரு பெண்ணுக்கான துணியும் ஒரே தாளில் இருக்கின்றன. எரிந்துபோனவற்றில் இப்படி எத்தனை இருந்தனவோ! மார்த்தாவை நான் குறைசொல்ல மாட்டேன். கணவரை நாட்டுக்குக் கொடுத்தவருக்குக் கடிதங்களையாவது தனக்கென்று வைத்துக்கொள்ள உரிமை உண்டு. அடுத்து வந்தவர்களுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

எலி

உயிலின்படி மவுண்ட் வெர்னனும், அரசு மற்றும் ராணுவத் தாள்களும், பாதுகாக்கத் தகுந்த சொந்தத் தாள்களும் அண்ணன் தம்பி வழி வந்த புஷ்ராட் வாஷிங்டனுக்குப் போயின. அவர் உச்ச நீதிமன்ற நீதிபதி, படித்தவர், நேர்மையானவர். ஆனால் ஒரு காப்பகத்தை நடத்தும் பொறுமை வேறு வகையானது.

பெரியப்பாவின் வரலாற்றை எழுத, பின்னாளில் தலைமை நீதிபதியான ஜான் மார்ஷலை அவர் ஏற்பாடு செய்தார். தாள்கள் பெட்டி பெட்டியாக ரிச்மண்டில் உள்ள மார்ஷல் வீட்டுக்குப் போயின. 1804 முதல் 1807 வரை 5 தொகுதிகள் வெளிவந்தன. புத்தகம் முடிந்த பிறகும் பெட்டிகள் அங்கேயே கிடந்தன. 1819-ல் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மேடிசன், தான் வாஷிங்டனுக்கு எழுதிய பழைய கடிதங்களைக் கேட்டார். ரிச்மண்டில் இருக்கும் தாள்களை எலிகள் பெருமளவு கடித்துச் சிதைத்துவிட்டன, ஈரமும் கெடுத்துவிட்டது என்று புஷ்ராட் பதில் எழுதினார். போர்க்களத்தில் காவல் படை நின்று காத்த தாள்கள் அமைதிக் காலத்தில் எலிக்கு இரையாயின.

எலி தின்றது போக, விருந்தினருக்கும் கொஞ்சம் போயிற்று. பெரிய மனிதர்களின் கையெழுத்தைச் சேகரிப்பது அப்போது அமெரிக்காவில் புதிய மோகம். அக்கம்பக்கத்து உறவினர் வீட்டில் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்த வில்லியம் ஸ்பிரேக் என்ற இளைஞர், நகல் எழுதிவைத்துவிட்டு மூலத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். புஷ்ராட் சரி என்றார். ஸ்பிரேக் எடுத்துச்சென்றவை சுமார் 1,500 கடிதங்கள். அமெரிக்காவின் முதல் பெரிய கையெழுத்துச் சேகரிப்பாளர் என்று பிறகு அவர் பெயர்பெற்றார்; அந்தப் பெயருக்கு விலை கொடுத்தது வாஷிங்டனின் கட்டுகள்தான்.

கத்தரி

1827-ல் ஜாரெட் ஸ்பார்க்ஸ் வந்தார். பாஸ்டன்காரர், பத்திரிகை ஆசிரியர், பின்னாளில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தலைவர். வாஷிங்டனின் எழுத்துகளை முழுமையாகப் பதிப்பிக்க வேண்டும் என்ற ஆசையோடு புஷ்ராடை விடாமல் கேட்டு, லாபத்தில் பங்கு தருவதாக ஒப்பந்தம் போட்டு, பெட்டிகளை பாஸ்டனுக்கே கொண்டுபோனார். மாநிலக் காப்பகங்களுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் போய் ஆவணங்களைத் தேடிப் படியெடுத்தார். 1834 முதல் 1837 வரை 12 தொகுதிகள் வந்தன. அந்த உழைப்புக்கு அமெரிக்க வரலாறு கடமைப்பட்டிருக்கிறது.

ஆனால் ஸ்பார்க்ஸுக்கு வாஷிங்டன் ஒரு சிலை. சிலை கொச்சையாகப் பேசலாமா? ஒரு கடிதத்தில் பெரியதொரு தொகையைப் பற்றி, நம் தேவைக்கு அது வெறும் தெள்ளுப்பூச்சிக் கடி என்று வாஷிங்டன் எழுதியிருந்தார். பதிப்பில் அது, நம் தேவைக்கு முற்றிலும் போதாதது என்று ஆயிற்று. தளபதி புட்னமை அவர் செல்லமாக 'கிழட்டுப் புட்' என்று குறிப்பிட்ட இடத்தில் 'ஜெனரல் புட்னம்' வந்து உட்கார்ந்தார். 1847-ல் ஜோசப் ரீட் என்பவரின் பேரன் தன் தாத்தாவுக்கு வாஷிங்டன் எழுதிய கடிதங்களை மூலத்தில் உள்ளபடி வெளியிட்டபோது குட்டு உடைந்தது. 1851-ல் ஆங்கில வரலாற்றாசிரியர் மாஹன் பிரபு வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார். எழுத்துப் பிழைகளையும் அவசர நடையையும் திருத்துவது பதிப்பாசிரியரின் கடமை என்று ஸ்பார்க்ஸ் வாதிட்டார். அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தெள்ளுப்பூச்சி என்று எழுதிய மனிதர் உயிருள்ளவர். அவரைத்தான் வீரர்கள் நம்பிப் பின்தொடர்ந்தார்கள்.

இதைவிடக் கொடிய செயல் ஒன்று உண்டு. 1789-ல் முதல் பதவியேற்புக்காக ஹம்ஃப்ரீஸ் ஒரு நீண்ட உரையைத் தயாரித்திருந்தார். வாஷிங்டன் அதைத் தன் கைப்பட 60-க்கும் மேற்பட்ட பக்கங்களில் எழுதிவைத்து, கடைசியில் கைவிட்டு, வேறொரு சுருக்கமான உரையை நிகழ்த்தினார். நிகழ்த்தாத உரையை என்ன செய்யலாம் என்று ஸ்பார்க்ஸ் மேடிசனைக் கேட்டார். வெளியிட வேண்டாம் என்று அவர் கருதினார். வெளியிடாவிட்டால் மூடிவைக்கலாமே! ஸ்பார்க்ஸ் அதைத் துண்டு துண்டாக வெட்டி, கையெழுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினார். சில வரிகள் மட்டுமே உள்ள துண்டுகள் பல ஊர்களுக்குச் சிதறின. அவற்றைத் தேடிச் சேர்த்து உரையை ஒட்டவைக்கும் முயற்சியில் இன்றும் இடைவெளிகள் இருக்கின்றன. முதல் குடியரசுத் தலைவர் முதன்முதலில் நாட்டிடம் என்ன சொல்ல நினைத்தார் என்பதை முழுமையாக அறியும் வாய்ப்பு ஒரு கத்தரியில் போயிற்று.

அரசு வாங்கியது

1829-ல் புஷ்ராட் இறந்தார். தாள்கள் அவருடைய உறவினரான ஜார்ஜ் கார்பின் வாஷிங்டனிடம் வந்தன. 1834-ல் அரசு சார்ந்த தாள்களை 25,000 டாலருக்கும், 1849-ல் சொந்தத் தாள்களை 20,000 டாலருக்கும் அமெரிக்க அரசு வாங்கியது. தன் முதல் தலைவரின் அலுவலகக் கடிதங்களைத் தானே காசு கொடுத்து வாங்கவேண்டிய நிலைமை! வெளியுறவுத் துறையில் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த அவை, 1903-ல் தியோடர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையால் காங்கிரஸ் நூலகத்துக்கு மாறின. இன்று அங்கே இருப்பவை ஏறத்தாழ 77,000 ஆவணங்கள். வாரிக்கின் 44 தொகுதிகளும் அவற்றில் அடக்கம்.

பதிப்பு வேலையும் புதிய கண்ணோடு நடந்தது. 1931 முதல் 1944 வரை ஜான் ஃபிட்ஸ்பேட்ரிக் 39 தொகுதிகள் கொண்டுவந்தார். அவற்றில் வாஷிங்டன் எழுதியவை மட்டுமே இருந்தன. அவருக்கு வந்தவை இல்லை. பேசுகிறவரின் குரல் மட்டும் கேட்டால் உரையாடல் ஆகுமா? 1968-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகமும், மவுண்ட் வெர்னன் மாளிகையைப் பராமரிக்கும் மகளிர் சங்கமும் சேர்ந்து ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கின. சிதறிக்கிடந்த கடிதங்கள் உலகில் எங்கிருந்தாலும் அவற்றின் நகலைப் பெறுவது, எழுதியது வந்தது இரண்டையும் வெளியிடுவது, ஒரு எழுத்தையும் அழகுபடுத்தாமல் அடிக்குறிப்போடு அச்சிடுவது என்பவை அதன் நெறிகள். நூற்றுக்கணக்கான நூலகங்களிலிருந்தும் தனியார் சேகரிப்புகளிலிருந்தும் சுமார் 1,35,000 ஆவணங்களின் நகல்கள் அங்கே சேர்ந்தன. 2013 செப்டம்பரில் மவுண்ட் வெர்னன் வளாகத்தில் வாஷிங்டன் பெயரில் ஆய்வு நூலகம் ஒன்றும் திறக்கப்பட்டது. மெக்ஹென்றிக்கு எழுதிய விருப்பம் நிறைவேற 216 ஆண்டுகள் ஆயின.

மறைக்கச் சொன்ன கடிதம்

ஒரு எழுத்தையும் திருத்தாமல் வெளியிட வேண்டும் என்ற நெறி ஏன் இத்தனை முக்கியம்? அதற்கு 1791 ஏப்ரல் 12 தேதியிட்ட கடிதம் ஒன்றைப் பார்க்க வேண்டும்.

அப்போது தலைநகரம் ஃபிலடெல்ஃபியா. பென்சில்வேனியாவில் 1780-ல் வந்த சட்டப்படி, வெளி மாநிலத்தார் கொண்டுவரும் அடிமைகள் அங்கே 6 மாதம் தொடர்ந்து தங்கிவிட்டால் விடுதலை கோரலாம். அரசு வழக்குரைஞர் எட்மண்ட் ராண்டால்ஃபின் வீட்டிலிருந்தவர்கள் அப்படிக் கோரியிருந்தார்கள். தென் மாநிலப் பயணத்தில் இருந்த வாஷிங்டன் ரிச்மண்டிலிருந்து லியருக்கு எழுதினார். தன் வீட்டு அடிமைகளை 6 மாதம் முடிவதற்குள் மாநிலத்துக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும். காரணம் அவர்களுக்கும் தெரியக்கூடாது, ஊருக்கும் தெரியக்கூடாது. ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளுங்கள். இது உங்களையும் மார்த்தாவையும் தவிர யாருக்கும் தெரியவேண்டாம் என்றார். மன்னர் முடியைத் தள்ளிய அதே கை எழுதிய வரிகள் இவை.

1796 மே 21 அன்று, அதே ஃபிலடெல்ஃபியா வீட்டிலிருந்து மார்த்தாவின் பணிப்பெண் ஓனா ஜட்ஜ் தப்பிப்போனார். சுமார் 22 வயதுப் பெண். கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே சுங்க அதிகாரியாக இருந்த ஜோசப் விப்பிள் அவரைத் திருப்பியனுப்பப் பணிக்கப்பட்டார். ஓனாவிடம் பேசிய விப்பிள், எஜமானர்கள் காலத்துக்குப் பிறகு விடுதலை உறுதி என்றால் திரும்பிவர அந்தப் பெண் சம்மதிக்கிறார் என்று எழுதினார். நவம்பர் 28 அன்று வாஷிங்டன் மறுத்தார். அப்படி உடன்பட்டால் விசுவாசமின்மைக்குப் பரிசு கொடுத்ததாகும், மற்ற வேலைக்காரர்களின் மனமும் கெடும் என்றார். ஓனா திரும்பவில்லை. 1848-ல் இறக்கும்வரை நியூ ஹாம்ப்ஷயரில்தான் வாழ்ந்தார். சட்டத்தின் கண்ணில் கடைசிவரை ஓடிப்போன அடிமை. தன் கண்ணில் சுதந்திர மனுஷி.

1799-ல் எழுதிய உயிலில் வாஷிங்டன், தனக்குச் சொந்தமான 123 அடிமைகளை மனைவியின் காலத்துக்குப் பின் விடுவிக்கச் சொன்னார். மார்த்தா 1801 ஜனவரியிலேயே அவர்களை விடுவித்தார். உயில் மட்டும் கிடைத்திருந்தால் ஒரு கருணையாளரின் படம் மட்டுமே நம்மிடம் இருந்திருக்கும். லியருக்கும் விப்பிளுக்கும் எழுதியவை கிடைத்ததால்தான், அந்த உயில் எவ்வளவு தாமதமானது, அதற்கு முன் எத்தனை பேரின் வாழ்வு அதில் கரைந்தது என்று தெரிகிறது. ஸ்பார்க்ஸின் கத்தரிக்கு நான் இத்தனை கோபப்படுவது இதனால்தான். தெள்ளுப்பூச்சியை நீக்கத் துணிந்த கை எதையும் நீக்கும்.

முன்மாதிரியின் விலை

இத்தனை கவனமாக இருந்த வாஷிங்டன் தெரியாமல் ஒரு தீமைக்கும் வழிவிட்டார். பதவி முடிந்ததும் தாள்களை வீட்டுக்கு எடுத்துச்செல்வதை அவர் தொடங்கிவைத்தார். பின்வந்த ஒவ்வொருவரும் அதையே செய்தார்கள். எல்லா வீட்டிலும் ஒரு வாரிக் இல்லை. சக்கரி டெய்லரின் தாள்கள் உள்நாட்டுப் போரின்போது 1862-ல் லூசியானாவில் மகனின் தோட்ட வீடு சூறையாடப்பட்டதில் அழிந்தன. ஜான் டைலரின் தாள்களில் பெரும்பகுதி 1865-ல் ரிச்மண்ட் எரிந்தபோது சாம்பலாயிற்று. செஸ்டர் ஆர்தர் 1886-ல் சாவதற்கு முன் தன் தாள்களை எரிக்கச் சொன்னார். ஆபிரகாம் லிங்கனின் தாள்களை மகன் ராபர்ட், தான் இறந்து 21 ஆண்டுகள் வரை யாரும் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு நூலகத்திடம் கொடுத்தார். அவை 1947 ஜூலையில்தான் திறந்தன. அவற்றைக் கேட்க நாட்டுக்கு உரிமை இருக்கவில்லை. மகனின் மனம் இரங்கவேண்டியிருந்தது.

ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இந்த வழக்கத்தை மாற்றினார். தன் தாள்களை அரசிடமே கொடுத்து, 1941-ல் ஹைட் பார்க்கில் அவற்றுக்கென்று நூலகம் திறந்தார். ஆனால் அதுவும் அவருடைய விருப்பமே. வாட்டர்கேட் ஊழலில் பதவி விலகிய ரிச்சர்ட் நிக்சன் 1974-ல் தன் ஒலிநாடாக்களையும் தாள்களையும் தன் வசம் வைத்துக்கொள்ள முயன்றபோதுதான் நாடு விழித்தது. காங்கிரஸ் அவற்றைக் கைப்பற்றச் சட்டம் போட்டது. 1978-ல் குடியரசுத் தலைவர் ஆவணச் சட்டம் வந்தது. 1981 ஜனவரி 20 முதல் பதவியேற்கும் ஒவ்வொருவரின் அலுவல் ஆவணமும் மக்களின் சொத்து. பதவி முடிந்த நொடியில் அது தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பு.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். நல்ல மனிதரை நம்பி ஆவணத்தை விட முடியாது. வாஷிங்டன் கவனமானவர், புஷ்ராட் நேர்மையானவர், மார்ஷல் மேதை, ஸ்பார்க்ஸ் உழைப்பாளி. அத்தனை பேரும் இருந்தும் எலி நுழைந்தது, கத்தரி வெட்டியது. சட்டமும், அதற்குப் பணம் ஒதுக்கும் அரசும், அரசு தவறினால் கேட்கிற மக்களும் சேர்ந்தால்தான் ஒரு தாள் பிழைக்கும். ஆள்பவர்கள் என்ன எழுதினார்கள் என்று கேட்கும் உரிமை, அவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையின் மறுபாதி. அந்தப் பாதியைக் கேட்காத மக்களுக்கு அவர்களுடைய வரலாற்றை ஆள்பவர்கள்தான் எழுதிக்கொடுப்பார்கள்.

அடுத்த இதழில், 11 ஆண்டுகள் பேசாமல் இருந்த 2 முன்னாள் குடியரசுத் தலைவர்கள் 1812 புத்தாண்டு நாளில் எழுதப்பட்ட ஒரு கடிதத்தால் மறுபடி நண்பர்களான கதை: ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெஃபர்சன்.

(தொடரும்)